தடுப்பூசிக்குப் பின் ஒரு மரணம்: திறந்து பார்ப்பது யார், சொல்வது யாரிடம்?

1946இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த நோயியல் மருத்துவர்கள் ஜேக்கப் வெர்ன், ஐரின் கேரோ. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைக் குழந்தைகளைப் பற்றியது அது. தொண்டை அடைப்பானுக்கும் கக்குவான் இருமலுக்கும் எதிரான தடுப்பூசியின் இரண்டாவது தவணையைப் போட்டு ஒரு நாள் முடிவதற்குள் இரண்டு குழந்தைகளும் இறந்துபோயின. வெர்னும் கேரோவும் இரண்டு உடல்களையும் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சிதான் காரணம் என்று முடிவெழுதினார்கள்.

57 ஆண்டுகள் கழித்து, 2003இல், அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அமைத்த நிபுணர் குழு, தடுப்பூசிகளுக்கும் பச்சிளங்குழந்தைகளின் திடீர் மரணத்துக்கும் தொடர்பு உண்டா என்று அதுவரை வந்திருந்த சான்றுகளையெல்லாம் அலசியது. ஒரே நேரத்தில் பல தடுப்பூசிகள் போடுவதால் தொட்டில் மரணம் (காரணம் விளங்காத திடீர்ச் சிசு மரணம்) நேர்கிறது என்ற சந்தேகத்தைச் சான்றுகள் மறுக்கின்றன என்றது. அதே அறிக்கையில், தொண்டை அடைப்பானுக்கும் கக்குவான் இருமலுக்கும் எதிரான பழைய வகைத் தடுப்பூசி மிக அரிதாக ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கிக் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதைச் சான்றுகள் ஏற்கின்றன என்றும் எழுதியது. முதல் முடிவுக்குப் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் தேவைப்பட்டன. இரண்டாவது முடிவைத் தாங்கி நின்றது வெர்னும் கேரோவும் அரை நூற்றாண்டுக்கு முன்பு ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக எழுதிவைத்த அந்தப் பரிசோதனை.

சமீப ஆண்டுகளில் அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் எழும் ஒரு கோரிக்கையை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசி போட்ட குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒருவர் இறந்து, தடுப்பூசிமீது சந்தேகம் எழுந்தால், குடும்பத்துக்கு அதைத் தெரிவிக்க வேண்டும், பிரேதப் பரிசோதனை நடத்த வேண்டும், கண்டதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது கோரிக்கை. இதைக் கேட்பவர்களில் பலர் தடுப்பூசியையே நம்பாதவர்கள். அதனாலேயே, தடுப்பூசியை நம்புகிறவர்கள் இதை எதிர்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். என் கருத்தில் இரண்டு தரப்பும் இடம் மாறி நிற்கின்றன. தடுப்பூசி பாதுகாப்பானது என்று நம்புகிறவர்தான் பிரேதப் பரிசோதனையை முதலில் கேட்க வேண்டும். பரிசோதிக்காத மரணம் கடைசிவரை சந்தேகமாகவே கிடக்கும். ஆனால் அந்தச் சட்டத்தை எப்படி எழுதுவது என்பது வேறு விஷயம். பிணத்தில் எது தெரியும், எது தெரியாது என்று அறியாமல் எழுதினால், நல்ல எண்ணத்தில் பிறந்த சட்டமும் வெறும் காகிதக் கட்டுகளைத்தான் பெருக்கும்.

இது ஏன் மாநிலங்களின் விவகாரமாகிறது? தடுப்பூசி தொடர்பான பெரிய சட்டம் கூட்டாட்சிச் சட்டம்தான். 1986இல் ரீகன் கையெழுத்திட்ட தேசியக் குழந்தைத் தடுப்பூசி பாதிப்புச் சட்டம் அது. தடுப்பூசி போட்ட தேதி, தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், போட்டவரின் பெயர் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட சில விளைவுகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இழப்பீட்டுக்கும் வழி செய்கிறது. இழப்பீட்டு மனுவோடு பிரேதப் பரிசோதனை முடிவுகளையும், இருந்தால், இணைக்கச் சொல்கிறது. அந்த ‘இருந்தால்’ என்பதோடு கூட்டாட்சி அரசு நின்றுகொள்கிறது. எந்த உடலைத் திறக்க வேண்டும், யார் திறக்க வேண்டும், யாரைக் கேட்டுத் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் முடிவுசெய்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. மாசசூசெட்ஸ் 1877இலேயே, மரணங்களை விசாரிக்கும் கொரோனர் பதவியை ஒழித்துவிட்டு, மருத்துவம் படித்த மெடிக்கல் எக்ஸாமினரைக் கொண்டுவந்தது. இன்னும் பல மாநிலங்களில் கொரோனர் என்பவர் மாவட்ட மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். மருத்துவப் படிப்பு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. சந்தேக மரணம் என்று இவர் கருதினால் குடும்பத்தின் அனுமதி இல்லாமலே பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம். இயற்கை மரணம் என்று கருதினால் கோப்பு அங்கேயே மூடப்படும். அதற்குப் பிறகு குடும்பமே கேட்டு, மருத்துவமனையிலோ தனியாரிடமோ செய்துகொள்ள வேண்டியதுதான். தனியாரிடம் போனால் சில ஆயிரம் டாலர் கைப்பணம் போகும்.

மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை என்ற பழக்கமே தேய்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1972இல் நடந்த மரணங்களில் 19.3 சதவீதத்துக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. 2007இல் அது 8.5 சதவீதம். ஸ்கேன் இருக்கிறதே, உயிரோடு இருக்கும்போதே எல்லாம் தெரிந்துவிடுகிறதே என்ற நம்பிக்கை ஒரு காரணம். மருத்துவமனை அங்கீகாரத்துக்கு இத்தனை சதவீதப் பரிசோதனை வேண்டும் என்றிருந்த நிபந்தனை 1970களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது இன்னொரு காரணம். இதற்கென்று யாரும் பணம் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, தடுப்பூசி மரணங்களை மறைக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுவதற்கு முன், எல்லா மரணங்களுமே இப்போது பெரும்பாலும் பார்க்கப்படாமல்தான் போகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சரி, உடலைத் திறந்துவிட்டால் உண்மை வெளியே வந்துவிடுமா? திரைப்படங்களில் வரும். நிஜத்தில், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடினால்தான் வரும்.

ஒவ்வாமை அதிர்ச்சியையே எடுத்துக்கொள்வோம். தடுப்பூசியால் நேரக்கூடிய ஆபத்துகளில் மிகத் தெளிவாக நிறுவப்பட்டது இது, மிக அரிதானதும்கூட. அமெரிக்காவில் சுமார் 2.5 கோடித் தவணைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில் 33 பேருக்குத்தான் இது வந்தது. பத்து லட்சம் தவணைக்கு 1.3 என்ற கணக்கு. அவர்களில் யாரும் இறக்கவில்லை. ஆனால் ஒருவர் ஒவ்வாமை அதிர்ச்சியில் இறந்தால், உடல் அதைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பிரிட்டனில் பல்வேறு காரணங்களால் ஒவ்வாமை அதிர்ச்சியில் இறந்த 56 பேரின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை 2000இல் ஆராய்ந்தபோது, 23 பேரின் உடலில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவுமே இல்லை. ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து இதயம் நின்றுபோகிறது. தொண்டை வீங்குவதற்குக்கூட நேரம் இருப்பதில்லை. அப்போது சாட்சி ரத்தத்தில்தான் இருக்கிறது. மாஸ்ட் செல்கள் வெடித்துக் கொட்டும் டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவு எகிறியிருக்கும். உயிரோடு இருப்பவரின் ரத்தத்தில் இது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இறந்தபின் ஓரளவு நிலைத்து நிற்கும். அதையும் இதயத்திலிருந்து எடுத்தால் எண் ஏமாற்றும். தொடைச் சிரையிலிருந்து எடுக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்தும் இந்த ஒரு சிரிஞ்சு ரத்தத்தை எடுக்காமல் விட்டால், தேடிய பதில் கிடைக்காமலே அறிக்கை முடிந்துபோகும்.

கோவிட் காலத்தில் ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசியோடு இணைத்துப் பேசப்பட்ட ரத்த உறைவு இன்னொரு வகை. ஒருபுறம் ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன, மறுபுறம் ரத்தம் கண்ட இடத்தில் உறைகிறது. இரண்டும் ஒன்றாக வருவது விசித்திரம். 2021 மார்ச்சில் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் கிரைனாக்கரின் குழுவும், ஓஸ்லோவில் நார்வே மருத்துவர்களும் தனித்தனியாக இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தட்டணுவில் இருக்கும் பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உருவாக்குகிறது. ரத்தம் உறைவது பெரும்பாலும் மூளையைச் சுற்றியுள்ள சிரைக் குழாய்களில். மண்டையோட்டைத் திறந்து அந்தக் குழாய்களைக் கீறிப் பார்த்தால் மட்டுமே தெரியும். அந்த மார்ச் மாதம் முடிவதற்குள் ஜெர்மனி அந்தத் தடுப்பூசியைப் பொதுவாக 60 வயதைக் கடந்தவர்களுக்கு என்று மாற்றியது.

அதே ஆண்டு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில், கோவிட் தடுப்பூசிக்குப் பின் இறந்த 18 பேரைப் பிரேதப் பரிசோதனை செய்து வெளியிட்ட கட்டுரையை இந்த விவாதத்தில் இருக்கும் இரு தரப்பும் படிக்க வேண்டும். 13 பேரின் மரணத்துக்கு முன்பே இருந்த நோய்தான் காரணம். தடுப்பூசியைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஒருவருக்கு இதயத் தசை அழற்சி. தடுப்பூசியோடு தொடர்பு இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மீதி நான்கு பேருக்கு மேலே சொன்ன ரத்த உறைவு. அந்த நால்வரில் ஒருவருக்கு மட்டுமே அது உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. மற்ற மூவரின் நோய்க்குப் பெயர் கிடைத்தது பிரேதப் பரிசோதனை மேசையில். ‘தடுப்பூசிதான் கொன்றது’ என்று கத்தியவர்களுக்கு 13 பேர் பதில். ‘எல்லாம் தற்செயல்’ என்று சாதித்தவர்களுக்கு அந்த மூவர் பதில்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடந்தது இதையொட்டியதுதான். அங்கே நோயியல் துறையின் தலைவரான பீட்டர் ஷிர்மாக்கர், தடுப்பூசிக்குப் பின் எதிர்பாராமல் இறந்தவர்களை இன்னும் அதிகமாகப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2021இல் வெளிப்படையாகக் கேட்டார். சக மருத்துவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அவருடைய நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வில், தடுப்பூசி போட்ட 20 நாட்களுக்குள் எதிர்பாராமல் இறந்த 25 பேரில் நான்கு பேருக்கு, எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்குப் பின், வேறு முக்கிய நோய் எதுவும் இல்லாத இதயத் தசை அழற்சி காணப்பட்டது. இந்த அழற்சி இதயம் முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. ஆங்காங்கே திட்டுத்திட்டாக இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் துண்டு வெட்டிப் பார்த்தால் நழுவிவிடும். பல இடங்களில் வெட்டி, டி-செல்களைத் தனியாகச் சாயமேற்றி, வைரஸ் தொற்று இருக்கிறதா என்றும் சோதித்தால்தான் பிடிபடும். ‘25இல் நான்கு’ என்பதைத் தடுப்பூசி போட்டவர்களின் மரண விகிதமாக யாராவது உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். அந்த 25 பேர், சந்தேகத்தின் பேரில் மேசைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். கோடிக்கணக்கானோரின் மாதிரி அல்ல அவர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் கதை இன்னும் பழையது. 1999, 2000 ஆண்டுகளில் பிரேசிலில் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு சிறுமியும் ஓர் இளம்பெண்ணும் மஞ்சள் காய்ச்சலைப் போலவே ஒரு நோயால் இறந்தார்கள். இயற்கையான வைரஸ்தான் தாக்கியது என்று கோப்பை மூடியிருக்கலாம். திசுக்களிலிருந்து பிரித்தெடுத்த வைரஸை ஆராய்ந்தபோது அது தடுப்பூசி வைரஸ் என்று தெரிந்தது. அறுபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த ஒரு தடுப்பூசிக்கு இப்படி ஒரு அரிய விளைவு உண்டு என்பதை அந்தத் திசுக்களும், அதே சமயத்தில் வேறு நாடுகளில் கிடைத்த சில நோயாளிகளின் விவரங்களும் சேர்ந்தே வெளிக்கொண்டுவந்தன. தடுப்பூசி நிறுத்தப்படவில்லை. யாருக்குப் போடக்கூடாது என்ற விதிகள் கூர்மையாயின.

இனி, சட்டம் எழுதுகிறவர்கள் விரும்பும் நாட்கணக்குக்கு வருவோம். ‘தடுப்பூசி போட்ட 7 நாட்களுக்குள்’, ‘30 நாட்களுக்குள்’ என்று ஒரு வரம்பு வைப்பது எளிது. கேட்க நியாயமாகவும் இருக்கும். தீபாவளி முடிந்த ஏழு நாட்களில் நேரும் மரணங்களை எண்ணினாலும் ஒரு பெரிய எண் வரும். அதற்காக அதிரசத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3,400 குழந்தைகள் ஒரு வயதுக்குள் தூக்கத்தில் திடீரென்று, எதிர்பாராமல் இறக்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பான்மை முதல் ஆறு மாதங்களுக்குள். தொட்டில் மரணம் உச்சத்தைத் தொடுவது இரண்டு முதல் நான்கு மாதங்களில். அங்கே தடுப்பூசி அட்டவணை 2, 4, 6 மாதங்கள். 2, 4 மாத ஊசிகளுக்குப் பின் மட்டும் ஒரு வாரம் வீதம் வைத்தாலே, முதல் ஆறு மாதங்களின் 180 நாட்களில் 14 நாட்கள் ‘தடுப்பூசிக்குப் பிந்தைய வாரம்’ ஆகிவிடும். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், வெறும் தற்செயலாக இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் இந்த வரம்புக்குள் விழும். ஒவ்வொரு ஆண்டும் அத்தனை குழந்தைகளின் பெற்றோருக்கு, “நேற்றுதான் ஊசி போட்டோமே” என்ற எண்ணம் வரும். அது வருவதில் தவறே இல்லை. சும்மா இருந்துவிடச் சொல்லும் அதிகாரிதான் தவறு செய்கிறார்.

இந்தக் கணக்கில் ஒரு முடிச்சும் உண்டு. சளி, காய்ச்சல் என்று சோர்ந்திருக்கும் குழந்தைக்குத் தடுப்பூசியை மருத்துவர் தள்ளிப்போடுவார். எனவே ஊசி போட்ட அடுத்த சில நாட்களில் இறப்பு இயல்பைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். அது இயல்பான அளவிலேயே இருந்தால்கூடக் கவனிக்க வேண்டிய விஷயம்தான். புள்ளியியலாளர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் தனித்தனி மரணங்களின் காரணத்தைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

அமெரிக்காவில் 1990இலிருந்து இயங்கும் வேயர்ஸ் என்ற பதிவு அமைப்பில் யார் வேண்டுமானாலும் புகார் பதியலாம். ஜிம் லைட்லர் என்ற மயக்கவியல் மருத்துவர், தடுப்பூசி தன்னை ஹல்க் என்ற பச்சை அரக்கனாக மாற்றிவிட்டது என்று சோதனைக்காக எழுதிப் போட்டார், அதுவும் பதிவாகியது. பிறகு அதிகாரிகள் அவரைத் தொடர்புகொண்டு, அவர் சம்மதத்தோடு அதை நீக்கினார்கள். இந்தக் கதையைச் சொல்லி வேயர்ஸைக் கேலி செய்வது சுலபம். ஆனால் வலையை அகலமாக விரிக்கத்தான் அது உருவாக்கப்பட்டது. மீனைப் பிரித்துப் பார்ப்பது அடுத்த வேலை. 1997 முதல் 2013 வரை வேயர்ஸில் 2,149 மரணங்கள் பதிவாயின. குழந்தைகளின் மரணங்களில் இறப்புச் சான்றோ பிரேதப் பரிசோதனை அறிக்கையோ கிடைத்த 1,244ஐ எடுத்துப் பார்த்தபோது, 544 தொட்டில் மரணங்கள். மற்றவற்றில் மூச்சடைப்பு, ரத்தத்தில் நச்சுத்தொற்று, நிமோனியா ஆகியவை முன்னணியில் இருந்தன. வேறெங்கும் தேடியும் காரணம் கிடைக்காதபோதுதான் தொட்டில் மரணம் என்று எழுத வேண்டும். முழுப் பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தைப் பார்வையிடல், மருத்துவ வரலாறு மூன்றும் அதற்குக் கட்டாயம். மூன்றில் ஒன்றைத் தவிர்த்துவிட்டு அந்தப் பெயரை ஒட்டினால் ஆராயாத மரணத்துக்கு ஆராய்ந்த மரணத்தின் பெயரைக் கொடுத்ததாகிவிடும்.

இந்தியாவில் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் பட்டியலிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. 2021இல் கோவிட் தடுப்பூசி தொடர்பாக அந்தக் குழு முதலில் வெளியிட்ட 31 பேரின் முடிவுகளில் 18 தற்செயல், 7 தீர்மானிக்க இயலாதவை, 3 தடுப்பூசியோடு தொடர்புடையவை, ஒன்று பதற்றத்தால் வந்தது, இரண்டு வகைப்படுத்த முடியாதவை. தொடர்புடைய மூன்றும் ஒவ்வாமை அதிர்ச்சி. அதில் 68 வயது முதியவர் ஒருவர் இறந்தார். ‘வகைப்படுத்த முடியாதவை’ என்பதற்குப் பொருள், தகவல் போதவில்லை என்பது. குடும்பம் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதிக்காவிட்டால், வீட்டாரிடம் கேள்வி கேட்டு மரணக் காரணத்தை ஊகிக்கும் வாய்மொழி விசாரணையை நம் வழிகாட்டு நெறிமுறைகள் பரிந்துரைக்கின்றன. டிரிப்டேஸையோ மூளைச் சிரையையோ அதில் கேட்டறிய முடியாது.

குடும்பத்துக்குச் சொல்வது என்ற பகுதிக்கு வந்தால், அறிவியலைவிடச் சங்கடம் அதிகம். நியூயார்க்கில் 2005இல் கார் விபத்தில் இறந்த ஓர் இளைஞனின் உடலைக் குடும்பம் வாங்கி அடக்கம் செய்தது. சில வாரங்கள் கழித்து, அவனுடைய பள்ளி மாணவர்கள் பிணவறையைப் பார்வையிடப் போனபோது, அவன் பெயர் எழுதிய ஒரு ஜாடியில் மூளை மிதப்பதைக் கண்டார்கள். குடும்பத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வழக்கு பத்து ஆண்டுகள் நடந்து, 2015இல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், உறுப்பை எடுத்துவைத்தது பற்றிக் குடும்பத்துக்குத் தெரிவிக்கும் கடமை மெடிக்கல் எக்ஸாமினருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் அப்படி எழுதவில்லை என்பதுதான் காரணம். எழுதாத கடமையை நீதிமன்றம் எழுதித் தராது; அது சட்டமன்றத்தின் வேலை. மதநம்பிக்கையின் பேரில் பிரேதப் பரிசோதனையை மறுக்கும் உரிமையை நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கின்றன. யூதர்களும் இஸ்லாமியர்களும் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். தடுப்பூசி மரணம் என்றால் கட்டாயம் திறந்தாக வேண்டும் என்று புதிய சட்டம் சொன்னால் இந்த உரிமையோடு மோதும். முழுவதும் திறக்காமலே, ஊசியால் ரத்தம் எடுத்து, உடலை சி.டி. ஸ்கேன் செய்வது ஒரு நடுவழி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தடயவியல் நிறுவனம் 2005 முதல் தன்னிடம் வரும் உடல்களை ஸ்கேன் செய்கிறது.

குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியவற்றில் காலக்கெடு முக்கியமானது. 1986 சட்டத்தின்படி மரணத்துக்கு இழப்பீடு 2,50,000 டாலர். இறந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். கோவிட் தடுப்பூசிக்கான தனித் திட்டத்தில் கெடு ஒரே ஒரு ஆண்டு. அதுவும் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து கணக்கு, இறந்த நாளிலிருந்து அல்ல. திசு ஆய்வும் நச்சு ஆய்வும் முடிந்து இறுதி அறிக்கை வர மாதங்கள் ஆகும். இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாத குடும்பத்துக்கு, அறிக்கை வந்து விசாரிக்கும் நாளில் கெடு கடந்திருக்கும். சட்டம் ‘குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தால் போதாது. எதை, எத்தனை நாளில், யார் தெரிவிப்பது என்று எழுத வேண்டும். கோவிஷீல்டு போட்ட பின் தங்கள் மகள்களை இழந்த இரு குடும்பத்தினர் நம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவிலும் இதுவே மையம்: அரசைச் சாராத மருத்துவக் குழு அமைத்து விசாரியுங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் குறித்த காலத்துக்குள் எங்களிடம் கொடுங்கள். நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

சொல்லாமல் விடும் இடைவெளியில் என்ன முளைக்கும் என்று நமக்குத் தெரியும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஆனால் தேசியக் குழு அதைத் தற்செயல் என்று முறைப்படி அறிவித்தது அக்டோபரில். அந்த ஆறு மாதங்களும் வதந்திக்குச் சொந்தமாக இருந்தன. அதற்கு முன்பு, 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியது. 2005-06இல் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 80.9 சதவீதம் பேர் முழுத் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். 2015-16இல் அது 69.7 சதவீதம். சரிவுக்குச் சொல்லப்படும் காரணங்களில் அந்த மாற்றமும் ஒன்று.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் இத்தகைய சரிவின் விலை பல மடங்கு. 2018 ஜூலை 6 அன்று சவாய் தீவில் இரண்டு குழந்தைகள் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. தடுப்பூசிப் பொடியைத் தண்ணீருக்குப் பதில், காலாவதியான தசை தளர்த்தும் மயக்க மருந்தில் செவிலியர்கள் கலந்துவிட்டார்கள். பொடியில் பழுதில்லை, குப்பி மாறியிருந்தது. 2014இல் சிரியாவின் இட்லிப்பில் 15 குழந்தைகள் இறந்ததும் இதே வகைத் தவறால்தான். சமோவா அரசு தடுப்பூசித் திட்டத்தை மாதக்கணக்கில் நிறுத்தியது. செவிலியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றது 2019 ஆகஸ்டில். ஐந்து ஆண்டுச் சிறை. அதற்குள் முதல் தவணை பெற்ற குழந்தைகளின் விகிதம் 31 சதவீதமாக இறங்கியிருந்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் தட்டம்மை வந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய். 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

இவையெல்லாம் தெரிந்தபின் ஒரு மாநிலம் சட்டம் எழுதினால் எப்படி எழுத வேண்டும்? தடுப்பூசித் தேதியைத் தூண்டுகோலாக வைக்காமல், காரணம் விளங்காத ஒவ்வொரு திடீர் மரணத்தையும் ஒரே முறையில் ஆராய வேண்டும் என்று எழுதலாம். அந்த முறைக்குள் தடுப்பூசிப் பதிவும் பேட்ச் எண்ணும் கட்டாயமாக வர வேண்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் சிசு மரண விசாரணைப் படிவம், இறப்பதற்கு முந்தைய 72 மணி நேரத்தில் போட்ட தடுப்பூசியை ஏற்கெனவே கேட்கிறது. படிவத்தை முழுதாக நிரப்புவதை மாநிலங்கள் சட்டமாக்கினாலே பாதி வேலை முடியும். தடுப்பூசி என்றால் மட்டும் உடலைத் திற என்று எழுதினால், ஆராயும் மருத்துவர் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு வருவார். ஒப்பிட வேறு மரணங்களும் இருக்காது.

திறப்பதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் கடைசிச் சிக்கல். அமெரிக்காவில் முழுநேரமாக வேலை செய்யும் தடயவியல் நோயியல் மருத்துவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. ஒருவர் ஆண்டுக்கு 250 பிரேதப் பரிசோதனைக்கு மேல் செய்யக்கூடாது என்று அவர்களுடைய சங்கமே பரிந்துரைக்கிறது. 325ஐத் தாண்டினால் அந்த அலுவலகத்தின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. போதைப்பொருள் மரணங்களாலேயே பல மாவட்டங்கள் அந்த வரம்பை முட்டி நிற்கின்றன. நிதி ஒதுக்காமல் கட்டாயத்தை மட்டும் எழுதும் மசோதா, அந்த மேசைகளில் வரிசையை நீட்டும். பரிசோதனையின் தரத்தைக் குறைக்கும். ஆனால் தொடையிலிருந்து ஒரு சிரிஞ்சு ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து உறையவைத்து, பேட்ச் எண்ணைக் குறித்து, மீதமிருக்கும் தடுப்பூசிக் குப்பியைக் குளிர்பெட்டியில் பூட்டிவைக்க நிபுணர் தேவையில்லை. பயிற்சி பெற்ற பிணவறை உதவியாளரும் செவிலியரும் முதல் நாளிலேயே செய்துவிடலாம். முழுப் பரிசோதனை அடுத்த வாரம் நடந்தாலும், நடக்காமலே போனாலும், அந்த ரத்தம் காத்திருக்கும்.